எல்லாரும் அச்சுவேலி

மோர்னிங்சைட், ரொறன்ரோ
12 தை 2025

அன்புள்ள மச்சாள் துஷானிக்கு,

இங்கே குளிரைத் தவிர வேறு குறையில்லை. அவருக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. மகள் துவாரகா யூனிவர்சிற்றிக்குப் போய் வருகிறாள், வீட்டில் இருக்கிற நேரம் போனுக்குள் இருக்கிறாள். அங்கே தம்பியும் நீரும் சின்னவள் ஆதிரையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

வட்ஸ்அப்பில் குரலில் சொன்னால் வேலை குழம்பும், வேண்டியதைக் கடிதம் போல மெயிலில் எழுதச் சொல்லி "துஷானி சொன்னவ" என்றான் தம்பி. சரி, எழுதுகிறேன். இப்போது அவன் வாயைத் திறந்தால் "துஷானி சொன்னவ" என்றுதான் தொடங்குகிறான். நான் சொல்லித்தான் பள்ளிக்கூடம் போனவன், நான் சொல்லித்தான் தலை வாரி இழுத்தவன். அது கிடக்கட்டும்.

விசயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் பதினைந்து வருடமாக மணவறை சோடிக்கிறேன். கோணேஸ்வரி என்று ஒருத்தி என் வீட்டு நிலவறையில் இருந்து எனக்குப் பூக் கட்டியவள். என்னிடம்தான் தொழில் பழகினாள். இரண்டு வருடத்துக்கு முன் தனியாகப் போனாள். போகட்டும், யார் வேண்டாம் என்றது. இப்போது அவளுக்கு ஒரு வெப்சைற் இருக்கிறது. போன சீசனில் எனக்கு வரவேண்டிய கல்யாணங்களில் பாதி அவளிடம் போய்விட்டது. பெட்டையள் போன் எடுத்து, "அன்ரி, உங்கட வெப்சைற் என்ன?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால், "ஓ, ஓகே அன்ரி" என்று வைத்துவிடுகிறார்கள். பிறகு பார்த்தால் அவளுடைய பூவுக்குக் கீழே இருந்து சிரிக்கிறார்கள்.

எனக்குப் பொறாமை என்று நீர் நினைக்கலாம். பொறாமைதான். மறைத்து என்ன?

என்னுடன் படித்த ரதியின் மகன் ராகுலனுக்குப் புரட்டாதியில் கல்யாணம். ரொறன்ரோவில் பாதிச் சனம் வரப்போகிறது. அந்த மேடையில் யாருடைய மணவறை நிற்கிறதோ, அடுத்த சீசன் அவளுடையது. எனக்கு அது கிடைக்காவிட்டால் வெக்ஸ்போர்ட்டில் சாமான் வைத்திருக்கிற இடத்தை விடவேண்டி வரும், தொழிலும் அதோடு சரி. ரதியிடம் கேட்டால், "பொம்பிளைப் பிள்ளைதான் தெரிவு செய்யும், எனக்கு அதிகாரம் இல்லை" என்கிறாள். அந்தப் பிள்ளையின் கண்ணில் நான் படவேண்டும். அதற்குத்தான் வெப்சைற் செய்கிற உம்மைப் பிடித்திருக்கிறேன்.

பக்கத்தைத் திறந்தவுடன் நாதஸ்வரம் கேட்க வேண்டும். மேலேயிருந்து பூ சொரிய வேண்டும். காஞ்சிபுரம் உடுத்து நான் கைகூப்பி நிற்கிற படம் பெரிதாக வரவேண்டும். பதினைந்து வருடப் படம் எல்லாவற்றையும் போடும். விலை மட்டும் போட வேண்டாம், அவள் பார்ப்பாள்.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டு,
கஜனி மச்சாள்


கல்லடி, மட்டக்களப்பு
19 தை 2025

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆதிரையின் மாமாவுக்கு முழங்கால் நோ குறைந்தது சந்தோசம். இங்கே மழை விட்டு வெயில் வந்திருக்கிறது. எல்லோரும் சுகம். உங்கள் தம்பி கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார், ஏன் என்று சொல்லவில்லை.

வேலை தொடங்கமுதல் ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கத்துக்கு வருகிற ஆள் யார்? நான் நினைக்கிறேன், பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் போனை வைத்திருக்கிற பிள்ளை. அவளுக்கு நாலே விசயம் தேவை. மணவறை எப்படி இருக்கும், ஏறத்தாழ என்ன விலை, என்னுடைய நாளில் இவர்களுக்கு நேரம் இருக்கிறதா, எங்கே தட்டினால் கதைக்கலாம். இது கிடைக்கமுதல் நாதஸ்வரம் கேட்டால் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவள் வெட்கத்தில் மூடிவிடுவாள். பூ சொரிந்தால் பக்கம் திறக்கச் சுணங்கும். சுணங்கினால் காத்திருக்க மாட்டாள்.

உங்கள் படம் நல்ல படம். அதை "எங்களைப் பற்றி" என்ற இடத்தில் வைப்போம். முதலில் மணவறை வரட்டும். படங்களில் மிகத் திறமானவை இருபது தெரிந்து அனுப்புங்கள். எல்லாம் போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. விலை இன்னதிலிருந்து தொடங்கும் என்று மட்டுமாவது போடவேண்டும். விலை தெரியாத கடைக்குள் போக எனக்கே பயம்.

கடைசியாக, வாடிக்கையாளர் நிரப்பி அனுப்புகிற பெட்டிகள். பெயர், போன் நம்பர், கல்யாண நாள், மண்டபம். இது போதும் என்பது என் எண்ணம். பெட்டி கூடக்கூட ஆள் குறையும். வேறு ஏதும் வேண்டுமென்றால் எழுதுங்கள்.

ஆதிரை உங்கள் காஞ்சிபுரப் படத்தைப் பார்த்து "மாமி, மாமி" என்று திரையைத் தொட்டாள்.

அன்புடன்,
துஷானி


மோர்னிங்சைட்
9 மாசி 2025

அன்பின் துஷானி,

இங்கே பனி கொட்டி முழங்கால் அளவுக்குச் சினோ. அவருக்கு அள்ள ஏலாது, நான்தான் அள்ளுகிறேன். மற்றும்படி உயிரோடு இருக்கிறோம். சின்னவளுக்கு என் முத்தம்.

உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரமும் வந்தது. பிறகு நிலவறைக்குள் போய்க் கோணேஸ்வரியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நாதஸ்வரம் இல்லை, பூவும் சொரியவில்லை. தட்டினவுடன் மணவறை வந்து நிற்கிறது. சரி, நீர் சொன்னபடி செய்யும். விலையும் போடும். படம் தெரிந்து அனுப்பியிருக்கிறேன், இருபது என்றீர், முப்பத்தொன்று இருக்கும்.

ஆனால் ஒரு பெட்டி நான் கேட்பேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊர்.

நான் போன் எடுத்தால் முதல் கேள்வி, "ஊரில எவடம் பிள்ளை?" அதற்குப் பிறகுதான் மணவறை. ஊரைச் சொன்னால் ஆளைத் தெரியும். யாருடைய பிள்ளை, என்ன முறையில் கல்யாணம், கும்பத்தை எங்கே வைக்கச் சொல்லி மாமிமார் சண்டை பிடிப்பார்கள், எல்லாம் பிடிபடும். ஊர் தெரியாத ஆளுக்கு எப்படிப் பூக் கட்டுகிறது? கோணேஸ்வரியின் பக்கத்தில் அந்தக் கேள்வியே இல்லை. அங்கேதான் நான் அவளை வெல்லப்போகிறேன். என் சனத்துக்கு, நான் அவர்களுடைய ஆள் என்று உடனே விளங்கும்.

சும்மா எழுத விட்டால் கண்டபடி எழுதுவார்கள். தட்டினால் பட்டியல் விழ வேண்டும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். தொடாமல் அனுப்ப ஏலாதபடி செய்யும். அந்தச் சிவப்பு நட்சத்திரம் போடுவார்களே, அது. பட்டியலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவருக்கு இந்த விசயத்தில் ஞாபகம் அபாரம். யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறையில் தொடங்கித் தீவுப்பகுதி முழுக்கச் சுற்றி வன்னிக்கு வந்து வவுனியாவில் முடித்திருக்கிறார். ஒரு ஊரும் விடுபடவில்லை. நீர் அதை அகரவரிசைப்படுத்தினால் போதும்.

அன்புடன்,
கஜனி மச்சாள்


கல்லடி
2 பங்குனி 2025

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

சினோ அள்ளும்போது முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஆதிரைக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சுகம். பதில் பிந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கம் தயார். இணைப்பை அனுப்பியிருக்கிறேன். இன்னும் வெளியே விடவில்லை, நீங்கள் பார்ப்பதற்காக மட்டும்.

ஊர்ப் பெட்டியும் போட்டிருக்கிறேன், நீங்கள் சொன்ன நட்சத்திரத்தோடு. பட்டியல் வவுனியாவோடு நிற்கிறது. அப்படியே விடவா? கடைசியில் "வேறு ஊர்" என்று ஒரு வரி சேர்க்க எனக்கு ஒரு நிமிசம் காணும்.

வெளியே விடமுதல் ஒரு சோதனை செய்யவேண்டும். நான் எல்லோரிடமும் செய்விப்பது. இந்தப் பக்கத்தை முன்பின் பார்க்காத ஒருவரை இருத்தி, கையில் போனைக் கொடுத்து, "ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு மணவறை கேளுங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாய் திறக்கவே கூடாது. விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். தயங்கின இடம்தான் பிழையான இடம். பிழை நிரப்புகிறவருடையது அல்ல, எங்களுடையது.

அன்புடன்,
துஷானி


மோர்னிங்சைட்
16 பங்குனி 2025

அன்பின் துஷானி,

சின்னவளுக்குக் காய்ச்சல் என்று தம்பி எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எனக்கு எதுவும் கடைசியாகத்தான் தெரியும். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கவும்.

பக்கம் வடிவாக இருக்கிறது. மனம் விட்டுச் சொல்கிறேன், கோணேஸ்வரியுடையதைவிட வடிவு. அதைப் பார்த்து அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நீர் சொன்ன சோதனையும் வைத்தேன். துவாரகாவையும் அவளுடைய சிநேகிதி ஜெசிகாவையும் சோபாவில் இருத்தினேன். வாயே திறக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர். நான் திறக்கவில்லை, ஒரு அரை நிமிசம். பிறகு, "உதிலை இல்லையடி, மேலை தட்டு" என்று சொல்லிப்போட்டேன். துவாரகா போனைத் தூக்கித் தந்து, "அம்மா, then you do it" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்ப இருத்தினேன்.

எல்லாம் மளமளவென்று போனது. ஊர்ப் பெட்டியில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"அம்மா, எனக்கு எது?"

"அப்பான்ர காரைநகரைப் போடு. இல்லாட்டி என்ர இணுவிலைப் போடு."

"நான் ஸ்காபரோவில பிறந்தனான். I've never been to either. மோர்னிங்சைட் எண்டு இல்லையோ?"

எனக்கு வந்த விசர்க் கோபத்தில் தேத்தண்ணி வைக்க எழும்பிவிட்டேன். திரும்பி வந்தால் இரண்டு பேரும் அனுப்பி முடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். எப்படியோ அனுப்பினார்கள்தானே. ஆகவே பிழையில்லை.

பட்டியல் அப்படியே நிற்கட்டும். "வேறு ஊர்" என்றால் அது என்ன ஊர்? இங்கே என்னிடம் மணவறை கேட்டு வருகிறது எல்லாம் எங்கட சனம்தானே. வேறு யார் வரப்போகிறார்கள்.

இனிச் சுணங்காமல் வெளியே விடும்.

அன்புடன்,
கஜனி மச்சாள்


கல்லடி
30 பங்குனி 2025

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

பக்கத்தை இன்று காலை வெளியே விட்டேன். பட்டியலை நீங்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன். உங்களுக்கு நல்ல சீசனாக அமையட்டும்.

துஷானி


மோர்னிங்சைட்
25 வைகாசி 2025

அன்பின் துஷானி,

இரண்டு மாதமாக உம்மிடமிருந்து ஒரு வரி இல்லை. தம்பியைக் கேட்டால், "வேலை கூட, அக்கா" என்கிறான். உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே மரங்கள் தளிர்த்துவிட்டன, எனக்குத்தான் சளி விட்டபாடில்லை.

ஒரு புதினம் கேளும். சித்திரை முழுக்க விண்ணப்பம் வந்தது. எல்லாம் அச்சுவேலி. திறந்தால் அச்சுவேலி, மற்றதைத் திறந்தால் அதுவும் அச்சுவேலி. நான் அவரிடம் போய், "பாத்தீங்களே, அச்சுவேலிச் சனம் முழுக்க என்ர பக்கம்" என்றேன். அவரும், அந்தக் காலத்திலிருந்தே அச்சுவேலியார் ஒற்றுமையான ஆட்கள் என்று ஒரு விளக்கம் சொன்னார். அந்தச் சந்தோசத்தில் ஒரு பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"அச்சுவேலியில எவடம் பிள்ளை? சந்தைக்குக் கிட்டவோ?"

"தெரியாது அன்ரி. அது list-இல first இருந்தது."

இன்னொருத்திக்கு எடுத்தேன். அதே பதில். அகரவரிசையில் அது தலையில் நிற்கிறது, ஊர் தெரியாத பிள்ளைகள் எல்லாம் அதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். துவாரகாவும் ஜெசிகாவும் அன்றைக்கு ஏன் சிரித்தார்கள் என்று இப்போதுதான் விளங்கியது. அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்தது, இதைத் தம்பிக்குச் சொல்ல வேண்டாம். கோணேஸ்வரி என்ன விலை சொல்கிறாள் என்று அறிய, வேறு பெயரில் அவளுடைய பக்கத்தில் விண்ணப்பம் போட்டேன். பெயர் யூஜினி என்று எழுதினேன். நிரப்பி முடித்த பிறகுதான் கவனித்தேன், ஊர் கேட்கவில்லை என்பது ஒரு குறையாகவே தெரியவில்லை. கால் மணித்தியாலத்தில் போன் அடித்தது.

"யூஜினி அக்காவா?"

நான் குரலை மாற்றி, "ஓம்" என்றேன்.

"கஜனியக்கா, உங்கட நம்பர் எனக்குப் பாடமில்லையா? சுகமா இரிக்கீங்களா? வெல தெரியணுமெண்டா என்னட்டயே கேட்டிரிக்கலாமே."

பெயரைப் பொய்யாக எழுதினேன், நம்பரை என்னுடையதாக எழுதியிருக்கிறேன். அவள் நக்கலாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விலையையும் சொன்னாள். என்னுடையதைவிடக் கூட. கூட எடுத்தும் சனம் அவளிடம் போகிறதே என்று அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

ராகுலனின் பொம்பிளைப் பிள்ளைக்கு நடாஷா என்று பெயர். அவளுடைய விண்ணப்பம் இன்னும் வரவில்லை. தினமும் பார்க்கிறேன்.

பதில் போடும்.
கஜனி மச்சாள்


மோர்னிங்சைட்
29 ஆனி 2025

துஷானிக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற நிலையில் நான் இல்லை. நீங்கள் எல்லோரும் சுகம் என்று தம்பி சொன்னான், அது போதும்.

நேற்று ரதி வீட்டுக்கு வந்தாள். கையில் பலகாரப் பெட்டி. அதைக் கண்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கஜனி, குறை நினையாதை. பிள்ளை உன்ர பக்கத்தைத்தான் முதல்ல பாத்தவள். படமெல்லாம் நல்லாப் பிடிச்சது. தேப்பனையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு நிரப்பியிருக்கிறாள். அவர்ர பேர் மாமாங்கம், ஆள் மட்டக்களப்புப் பக்கம். ஊரைத் தேடித் தேடிப் பாத்திட்டு, 'நம்மட ஊர் இதில இல்ல மகள், இவங்களுக்கு நாம தேவையில்ல போல' எண்டு சொல்லிப்போட்டாராம். அந்தப் பிள்ளை மூடிப்போட்டுக் கோணேஸ்வரியிட்டைப் போயிட்டுது."

பதினைந்து வருடம். ஒரு பெட்டியால் போனது.

நீர் படித்த ஆள். இந்தத் தொழில் தெரிந்த ஆள். "வவுனியாவோடு நிற்கிறது, அப்படியே விடவா" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தீர். இது இப்படித்தான் முடியும் என்று உமக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் வெளியே விட்டீர். கோணேஸ்வரியும் உம்முடைய ஊர்க்காரிதானே. அவளுடைய பக்கத்தையும் நீரே செய்து கொடுத்தீரோ? அதுதான் இவ்வளவு நாளும் பதில் இல்லையோ? தம்பியை எடுத்தீர், நான் ஒன்றும் சொல்லவில்லை. என் தொழிலிலும் கை வைக்க வேண்டுமா?

உண்மையை எழுதும்.

கஜனி


கல்லடி
10 ஆவணி 2025

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

உங்கள் சளி சுகமாகியிருக்க வேண்டும். இங்கே கச்சான் காற்று அனலாக அடித்துக் கொல்லுகிறது. நாங்கள் சுகம்.

உங்கள் ஆனி மாதக் கடிதத்தை உங்கள் தம்பிக்குக் காட்டவில்லை. காட்டப்போவதும் இல்லை.

கோணேஸ்வரி அக்காவின் பக்கத்தை நான் செய்யவில்லை. அவரை எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்தபின் அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். மூதூரில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து மூதூருக்குப் பஸ்ஸில் போக அரை நாள் வேண்டும். அவருடைய பக்கத்தில் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. வருகிறவரை உள்ளே விடுகிறது, அவ்வளவுதான்.

மற்றதற்கு வருகிறேன். எந்தப் பக்கத்தையும் வெளியே விடமுதல் நானே வாடிக்கையாளராக ஒரு தரம் நிரப்பிப் பார்ப்பது என் வழக்கம். பங்குனியில் உங்களுடையதையும் நிரப்பினேன். பெயர், துஷானி. நாள் என்ற இடத்தில் எங்கள் கல்யாண நாளைப் போட்டேன், ஏனோ அதுதான் கைக்கு வந்தது. நீங்கள் அதற்கு வரவில்லை, உங்களுக்கு அப்போது சீசன் என்று உங்கள் தம்பி சொன்னார். அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் மண்டபத்துக்காரரின் நீலத் துணி ஒன்றுதான் தொங்கியது.

பிறகு ஊர். பட்டியலை மேலிருந்து கீழே இழுத்தேன். கீழிருந்து மேலே இழுத்தேன். நான்தான் தட்டச்சு செய்த பட்டியல், மட்டக்களப்புப் பக்கத்து ஊர் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தேடினேன். அச்சுவேலியைத் தொட்டிருந்தால் போயிருக்கும். எனக்குக் கை வரவில்லை. "ஊரைத் தெரிவு செய்யவும்" என்று சிவப்பில் வந்தது. மூடிவிட்டேன். உங்கள் பக்கத்திலிருந்து பாதியில் எழும்பிப் போன முதல் ஆள் நான்தான் மச்சாள், நடாஷா இல்லை.

என் ஊர் மண்டூர், கல்லடி வாழ வந்த இடம். போனில் கேட்கிற ஆட்களிடமெல்லாம் முதல் கேள்வியாக ஊர் கேட்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஏழு வருடமாக உங்களோடு கதைக்கிறேன், என்னிடம் நீங்கள் கேட்கவில்லை.

அதற்காக நான் செய்தது சரி என்று ஆகாது. தொழில் தெரிந்தவள், இந்தப் பெட்டி உங்களைக் கெடுக்கும் என்று நேராக எழுதியிருக்க வேண்டும். "எங்கட சனம்தானே" என்று நீங்கள் எழுதியதை வாசித்தபின் எனக்கு எழுத மனம் வரவில்லை. படட்டும் என்று இருந்தேன். நீங்கள் கேட்ட உண்மை இதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் போன் வந்தால் அவர் வெளியே போய் மாமரத்துக்குக் கீழே நின்று கதைப்பார். அங்கே ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் வருவதில்லை. நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். பொறாமை உங்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம்.

பட்டியலை எப்படி மாற்றவேண்டும் என்று எழுதுங்கள். உடனே செய்கிறேன்.

துஷானி


மோர்னிங்சைட்
28 புரட்டாதி 2025

அன்புள்ள துஷானி,

கடிதம் வந்து ஒன்றரை மாதம். தினமும் எழுத இருந்து எழும்பிவிடுவேன். எனக்குச் சுகமில்லாமல் போயிற்றோ என்று நீர் நினைக்க வேண்டாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாமரத்துக்குக் கீழே நின்று சிரிக்கிறான் என்று எழுதியிருந்தீர். அதை மட்டும் பல தரம் வாசித்தேன்.

நேற்று ராகுலனின் கல்யாணம். போகாமல் விடுவம் என்றுதான் இருந்தேன். பிறகு, போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள் என்று நேரத்தோடே போய் முன்வரிசையில் இருந்தேன். குறை பிடிக்கத்தான் போனேன். தூண் கோணலோ என்று பார்த்தேன், இல்லை. பூ வாடியிருக்கிறதோ என்று பார்த்தேன், இல்லை. வெள்ளைப் பூவுக்குள்ளே இளம் பச்சைத் தென்னோலையை அவள் பின்னிவிட்டிருந்த விதம், எனக்கு அது ஒரு நாளும் தோன்றாது. கோணேஸ்வரி மேடைக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். சிரிக்கவில்லை, காட்டினேன்.

சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் யார் என்று நினைக்கிறீர்? பொம்பிளையின் தகப்பன் மாமாங்கம். என்னை யார் என்று அவருக்குத் தெரியாது. இருந்ததும் இராததுமாக, "தங்கச்சி எந்த ஊர்?" என்று கேட்டார். என்னுடைய கேள்வியை என்னிடமே ஒருவர் கேட்டது இந்த நாட்டில் இதுதான் முதல் தரம். இணுவில் என்றேன். நல்ல ஊர் என்றார். இனி நான் கேட்கவேண்டிய முறை.

"நீங்கள் எவடம்?"

"களுவாஞ்சிக்குடி. உங்களுக்கெங்க தெரியப் போகுது."

என் வாயில் சோறு. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "எங்கட மச்சாள் மண்டூர்."

"அட, ஆத்தக் கடந்தா மண்டூர்தானே. அப்ப நீங்க நம்மட ஆள்."

எழும்பி அங்காலை போய், தன் மகள் நடாஷாவைக் கூப்பிட்டு, "இவங்க நம்மட ஆக்கள் மகள்" என்று அறிமுகமும் செய்து வைத்தார். நான் சாப்பிட்டு முடியமட்டும் என் இலையில் குறைய விடாமல் கறி போடுவித்தார். மணவறைக்காரி கஜனி நான்தான் என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சோறு இறங்கின பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பெட்டியை எடுத்துவிடும். முழுதாக. "வேறு ஊர்" என்றும் ஒன்றும் வேண்டாம். கேட்க ஆசை வந்தால் போனில் கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. வெக்ஸ்போர்ட் இடத்தை மாசியோடு விடுகிறேன். சாமான் திரும்ப நிலவறைக்கு வரும். அங்கேயிருந்துதானே தொடங்கினேன்.

நீர் பெட்டியை எடுக்கும்வரை காத்திருக்காமல் இன்று காலை நானே என் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். உமக்கும் ஒரு பிரதி வந்திருக்கும். வராவிட்டால் என்று கீழே எழுதுகிறேன்.

பெயர்: கஜனி சண்முகலிங்கம்
தேவை: சின்ன மணவறை ஒன்று. ஏழு வருடத்துக்கு முன் நீலத் துணிக்கு முன்னால் கல்யாணம் கட்டின சோடி அதில் இருந்து படம் எடுக்க
மண்டபம்: மண்டூர், பொம்பிளை வீடு
நாள்: வாற தை மாதத்தில் வீட்டுக்காரி சொல்லும் நாள்

ஊர்ப் பெட்டியில் வந்து எனக்கும் நின்றுவிட்டது. மண்டூர் இல்லாத பட்டியலில் இணுவிலைத் தொட மனம் வரவில்லை. அச்சுவேலியைத் தொட்டு அனுப்பினேன்.

தூணும் சட்டமும் பிளேனில் கொண்டுவர ஏலாது. வாழையும் கமுகும் தென்னோலையும் அங்கே வெட்டுவோம். ஓலை பின்னுகிற விதத்தை நேற்றுக் களவாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவளுடையதைவிடத் திறமாக வரும், இருந்து பாரும்.

சின்னவளுக்கு என்ன நிறத்தில் பாவாடை வேண்டும் என்று கேட்டு எழுதும். நான் வருகிற விசயத்தைத் தம்பிக்கு நான் சொல்லவில்லை. நீரே சொல்லிவிடும். பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, "அக்கா, நீ வாறியாம், துஷானி சொன்னவ" என்று அவன் எனக்குச் சொல்லட்டும்.

உம்முடைய,
கஜனி மச்சாள்